மெம்பர்கள் வருகிறார்கள்

ரெய்டுக்குப் போன இடத்தில் "வாங்க, வாங்க" என்று வரவேற்றால் எந்தப் போலீஸ்காரருக்குத்தான் சந்தேகம் வராது?

வேட் ஹார்மன் அப்படித்தான் வரவேற்றான். அபட்ஸ்ஃபோர்டுக்கு வெளியே, ப்ளூபெர்ரித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தக் குளிர்கிடங்குக்கு அவன்தான் மேஸ்திரி. போலீஸ் எடுத்து வைத்திருந்த படங்களிலெல்லாம் நாலு நாள் தாடியும் எண்ணெய்க் கறைச் சட்டையுமாக இருந்தவன், இன்றைக்கு மழுங்கச் சிரைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கதவைத் திறந்தான். முகத்தில் சம்பந்தி வீட்டாரை எதிர்கொள்ளும் சிரிப்பு. எதிரே நீட்டிய துப்பாக்கிகளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே இன்னும் வேடிக்கை. நடு மேஜையில் வெள்ளை விரிப்பு. தட்டில் புகை போட்ட சால்மன் துண்டுகள். ஐஸ் வாளியில் திறக்காத விஸ்கி. பக்கத்தில், சீர்வரிசை பரப்பின மாதிரி, போதை மாத்திரைப் பைகளும் புதுத் துப்பாக்கிகளும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மோப்பம் பிடிக்கக் கூட்டி வந்த நாய்க்கு வேலையே இல்லை. அது மீனைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு உபசாரம் பார்த்ததில்ல," என்றான் கான்ஸ்டபிள் தேஜ்வீர் சஹோட்டா. "சாப்பிட்டுட்டுக் கைது பண்ணலாமா சார்ஜென்ட், இல்ல கைது பண்ணிட்டுச் சாப்பிடலாமா?"

சார்ஜென்ட் இல்ஸா ஃப்ரீசன் சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமென்ட் தரை ஈரம் காயாமல் பளபளத்தது. யாரோ விடியற்காலையில் துடைத்திருக்கிறார்கள்.

இல்ஸாவும் தேஜும் நகரப் போலீஸ். ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் கும்பல்களை ஒடுக்குவதற்காக மத்தியப் போலீஸிலிருந்து கொஞ்சம், ஊர் ஊராக நகரப் போலீஸிலிருந்து கொஞ்சம் என்று ஆள் கடன் வாங்கிச் சேர்த்த கூட்டுப் படையில் இருவரும் வேலை பார்த்தார்கள். கலப்புக் கல்யாணம் மாதிரி ஒரு ஏற்பாடு அது. வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுப் பேச்சும் தன் வீட்டுப் பழக்கமும்தான் உசத்தி. இந்தப் படைக்கு இப்போதைய இலக்கு 'இரும்பு நாரைகள்' என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். கிடங்கு அவர்களுடையது.

"யாரை எதிர்பார்த்துட்டிருந்த, வேட்?" என்று கேட்டாள் இல்ஸா.

"வக்கீல் வரட்டும்."

"வக்கீலுக்கா இந்த மீன்?"

வேட்டின் கண் ஒரு தடவை ஐஸ் வாளிப் பக்கம் போய்த் திரும்பியது. தேஜ் வாளிக்குள் கையை விட்டான். விஸ்கிக்கு அடியிலிருந்து ஒரு போன் வந்தது. திரையில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"போனை ஐஸ்ல போட்டா செத்துடும்னு எவனோ இவனுக்குச் சொல்லியிருக்கான்," என்ற தேஜ், திரையில் இருந்ததைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது. "வியாழன் காலை மெம்பர்கள் வருகிறார்கள். இடம் சுத்தமாக இருக்கட்டும்."

இன்றைக்கு வியாழன்.

இல்ஸா போனை வாங்கி இரண்டு தரம் படித்தாள். பிறகு வேட்டைப் பார்த்தாள். அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது. "உங்க கும்பல்ல தோல் சட்டையில நாரைப் படம் போட்டுக்கற பெரிய தலைகளைத்தான் மெம்பர்னு சொல்லுவீங்க, இல்லையா? நீ மெம்பர் இல்ல. எடுபிடி. பெரியவங்க வராங்கன்னு சேதி வந்ததும் சலவைச் சட்டை, மீன், விஸ்கி. சரக்கு பத்திரமா இருக்கான்னு பார்ப்பாங்களேன்னு அதையும் எடுத்துப் பரப்பி வச்சிட்ட."

வேட் சுவரைப் பார்த்தான்.

"இடம் சுத்தமா இருக்கட்டும்னா சரக்கை அப்புறப்படுத்துன்னு அர்த்தம். நீ தரையைக் கூட்டியிருக்க."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய பெரியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அந்த மூடிய கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

வெளியே மழையில் படையினர் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய வேட்டை இந்த வருஷத்தில் இல்லை. இல்ஸா தேஜை வண்டிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மெம்பர்னு தன்னைச் சொல்லிக்கற இன்னொரு கூட்டம் யாரு, சொல்லு."

தேஜ் தொண்டையைச் செருமினான். "மத்தியப் போலீஸ். நாம ஆபீசர்னு சொல்லிக்குவோம். அவங்க மட்டும் மெம்பர். ஏதோ கிளப்ல சந்தா கட்டிச் சேர்ந்தவங்க மாதிரி."

"ஆக, நம்ம ஆள் ஒருத்தர் எச்சரிக்கை அனுப்பியிருக்கார். போலீஸ் வருதுன்னு. தன் வீட்டு வார்த்தையில எழுதிட்டார். வாங்கினவன் அவன் வீட்டு வார்த்தையில படிச்சிட்டான்."

"அதனாலதான் நாம ஜெயிச்சோமா? எனக்கு இப்ப அந்த மீன் இறங்காது."

"இது ஜெயிப்பு இல்ல, தேஜ். நம்மைக் காட்டிக்கொடுக்கறேன்னு அவங்ககிட்ட வாக்கு குடுத்தவர் அனுப்பின சேதியால அவங்க மொத்தச் சரக்கும் போச்சு. இப்ப அவர் அவங்களுக்கு ஈடு கட்டணும். கையில என்ன இருக்கு?"

இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு பெயர் இருக்கிறது.

ஷானா ப்ரூடன். அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். அவளுக்குக் கோடி என்று ஓர் அண்ணன் இருந்தான்; போன வசந்தத்தில் நாரைகளின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தவன், எழுந்திருக்கவில்லை. ஈமச் சடங்கு முடிந்த வாரம் அவளே இல்ஸாவைத் தேடி வந்தாள். சரக்கு எப்போது வருகிறது, எங்கே வைக்கிறார்கள் என்று சொன்னதெல்லாம் அவள்தான். "என் பேரு உன் வாயிலேர்ந்து வெளிய வரக்கூடாது," என்று கேட்டாள். இல்ஸா சரி என்றாள். பிறகு கூட்டுப் படையின் விதிப்படி மூன்று பேரிடம் சொன்னாள். விதி அப்படித்தான். ஆனாலும் சொன்ன அன்று முழுக்க அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"ரெய்டு தேதி தெரிஞ்சவங்க முப்பது பேர்," என்றாள் இல்ஸா. "ஷானா பேரு தெரிஞ்சவங்க நாலே பேர். நான், நீ, கார்ப்பரல் பாஸ்கோம், இன்ஸ்பெக்டர் மெக்ஃபீ."

"அதுல மத்தியப் போலீஸ் ரெண்டு பேர். ஒருத்தர் பெரியவர். இன்னொருத்தர் இன்னிக்குப் பார்த்து ரெய்டுக்கு வராம லீவு போட்டுட்டு மீன் பிடிக்கப் போனவர்." தேஜ் மூக்கைச் சொறிந்தான். "நான் யாரையும் சொல்லல. மீனைத்தான் சொன்னேன்."

விசாரித்து அனுப்பப்பட்ட தொழிலாளர்களோடு ஷானாவும் வெளியே வந்தாள். இல்ஸா எல்லோரையும் பார்ப்பது போலவே அவளையும் முறைத்தபடி பக்கத்தில் போய், உதடு அசையாமல் சொன்னாள். "வீட்டுக்குப் போகாத. அகஸியில என் சித்தப்பா பொண்ணு பண்ணை வீடு காலியா இருக்கு. சாவி கோழிக்கூண்டு மேல. போனை அணைச்சிடு. நான் வர்றவரைக்கும் யாருக்கும் கதவைத் திறக்காத."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகக்கூடாதுன்னுதான்."

ஷானா அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தன் பழைய வண்டியில் ஏறிப் போனாள்.

கூட்டுப் படையின் அலுவலகம் சர்ரேயில் ஒரு சோபாக் கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே கொண்டாட்டம். நடு மேஜையில் ஒரு டோனட் பெட்டி திறந்திருந்தது. தேஜ் போகிற போக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"யாரு வாங்கினது?" என்று கேட்டாள் இல்ஸா.

"இன்னிக்கு ரேடியோவுல ஒருத்தனுக்கு நாக்கு வழுக்கிடுச்சு. அபராதம்." அவன் சர்க்கரையை நக்கினான். "நான் இதுவரைக்கும் நாலு பெட்டி அழுதிருக்கேன் சார்ஜென்ட். நகரப் போலீஸ்காரனா இருந்துட்டே."

இல்ஸா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் நினைப்பெல்லாம் பாஸ்கோம் மேல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் டக்ளஸ் மெக்ஃபீ கதவு வரைக்கும் எழுந்து வந்தார். ஆகஸ்டில் தலைநகர் ஒட்டாவாவிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து வந்து பொறுப்பேற்றவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "வா இல்ஸா. நம்ம மெம்பர்கள் எல்லாரும் பத்திரமா திரும்பிட்டாங்கதானே? அதுதான் முக்கியம்."

பின்னால் நின்ற தேஜ் வாயைத் திறந்தான். பெரியவர் முகத்தைப் பார்த்தான். மிச்ச டோனட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

மெக்ஃபீ தன் கையால் தேநீர் போட்டுக் கொடுத்தார். இல்ஸாவின் அப்பா செப்டம்பரில் இறந்தபோது, அவர்களுடைய மென்னனைட் சபைத் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில், ஒரு வார்த்தை புரியாத ஜெர்மன் பாட்டுகளைக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டவர் இவர். இல்ஸா அதை மறக்கவில்லை. யாரையாவது ஒருவரை நம்பியே ஆகவேண்டிய நிலையில் மனிதர்கள் இப்படிப்பட்டவரைத்தான் நம்புவார்கள்.

அவள் செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிப் படித்தார்.

"எங்க ஆள்தான் எழுதியிருக்கான்," என்றார். "வெக்கமா இருக்கு, இல்ஸா. யாருன்னு நினைக்கற?"

"பாஸ்கோம். நிச்சயம் இல்ல சார். ஆனா இன்னிக்கு லீவு."

"நீல் பாஸ்கோம்." பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "விவாகரத்து, வீட்டுக் கடன்... மனுஷன் எப்ப உடைவான்னு சொல்ல முடியாது. நீ போய் அவனைப் பார். பேச்சுக் குடு. அந்தப் பொண்ணு பத்திரமா இருக்காளா?"

"இருக்கா சார்."

"எங்கன்னு எனக்குத் தெரிஞ்சா நல்லது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவளைக் கவனிக்க ஒருத்தர் வேணும்."

நியாயமான பேச்சு. இல்ஸா சொன்னாள்.

பாஸ்கோம் ஃப்ரேசர் ஆற்றங்கரையில் ஒரு மடக்கு நாற்காலியில், மழையில், ஸ்டர்ஜன் மீனுக்குத் தூண்டில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, சிடுமூஞ்சி. நாரைகளைப் பல வருஷமாகத் துரத்திக் களைத்துப் போன ஆள். இவர்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"மாட்டிச்சா ஏதாவது?" என்று கேட்டான் தேஜ்.

"ரெண்டு நகரப் போலீஸ். சின்ன சைஸ், திருப்பி விட்டுடலாம்."

இல்ஸா போனில் எடுத்திருந்த படத்தை நீட்டினாள். அவர் படித்தார். முதலில் சிரித்தார். பிறகு நிறுத்தினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓ. என்னைச் சந்தேகப்படறதுக்கா மழையில இவ்வளவு தூரம் வந்தே?"

"மெம்பர்னு எழுதினவர் மத்தியப் போலீஸ், நீல்."

"ஆமா. ஆனா முட்டாள் மத்தியப் போலீஸ். நாரைங்க பாஷை தெரியாதவன். நான் அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வெளிய வண்டியில உக்காந்து வேவு பார்த்திருக்கேன். மெம்பர்னா அவங்களுக்கு யாருன்னு எனக்குத் தெரியாதா?" அவர் தேஜ் பக்கம் திரும்பினார். "டேய், உன்னை நாலு பெட்டி டோனட் வாங்க வச்சது யாரு?"

"நீங்கதான்."

"எதுக்கு?"

தேஜ் சொல்ல ஆரம்பித்தான். "இந்தக் கேஸ் ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தன் ரேடியோவுல, ரெண்டு மெம்பர் பின்வாசல் வழியா வராங்கன்னான். நம்மாளா அவங்க ஆளான்னு தெரியாம இன்னொருத்தன் சுடப் பார்த்தான். அதுக்கப்புறம் நீங்க அந்த வார்த்தையையே தடை பண்ணீங்க. போலீஸுன்னு மட்டும்தான் சொல்லணும். மெம்பர்னு சொன்னவன் டோனட்..."

அவன் நிறுத்திவிட்டான்.

"முப்பது பேர் நாக்கையும் டோனட் வாங்க வச்சே திருத்தினேன்," என்றார் பாஸ்கோம். "பேசினாலும் எழுதினாலும் இப்ப எவனுக்கும் அந்த வார்த்தை வராது. வந்தாலும் பாதியில கடிச்சுக்குவான். இதுவரைக்கும் ஒரு பெட்டிகூட வாங்காதவன் யாரு?"

தேஜின் முகத்தில் கிண்டல் துடைத்துப் போயிருந்தது. "பெரியவர்கிட்ட யாரு அபராதம் கேக்கறது?" என்றான் மெதுவாக. "அவர் வந்ததே ஆகஸ்ட்ல. அவருக்கு இப்படி ஒரு விதி இருக்கறதே தெரியாது. இன்னிக்குக் காலைலகூட, நம்ம மெம்பர்கள்னு..."

"லீவு போடச் சொன்னதும் அவர்தான்," என்றார் பாஸ்கோம். "ரொம்ப உழைச்சிட்டே நீல், ரெய்டை நாங்க பார்த்துக்கறோம்னார். எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

இல்ஸா வண்டி நின்ற பக்கம் திரும்பினாள்.

"நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

"எதை?"

"ஷானா எங்க இருக்கான்னு."

பாஸ்கோம் தூண்டிலை ஆற்றிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

நெடுஞ்சாலையில் தேஜ் வண்டியை விரட்டினான். மழை துடைப்பானுக்கு அடங்கவில்லை. ஷானாவின் போன் அணைந்திருந்தது. அணைக்கச் சொன்னதே இல்ஸாதான். ரேடியோவைத் தொட முடியாது, அதே அலைவரிசையில் மெக்ஃபீயும் கேட்டுக்கொண்டிருப்பார். அகஸி போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டால் அதுவும் மத்தியப் போலீஸ். ஒரு நகரப் போலீஸ் சார்ஜென்டின் பேச்சை நம்புவார்களா, தங்கள் இன்ஸ்பெக்டரின் பேச்சையா?

"அங்க எனக்கு ஒரு பழைய கூட்டாளி இருக்கான்," என்றார் பின் சீட்டில் பாஸ்கோம். "கூப்பிட்டா கேள்வி கேக்காம வருவான். ஆனா இன்னிக்கு அவன் வெளியூர் டியூட்டில இருக்கான், அவனுக்கு முன்னாடி நாம போயிடுவோம்."

"நாரைங்களுக்கு முன்னாடி போவோமா?" என்று கேட்டாள் இல்ஸா.

தேஜ் இன்னும் வேகத்தைக் கூட்டினான். அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். ஒரே ஒரு விஷயம் கேட்டாள் அந்தப் பெண். ஒரே ஒரு விஷயம். அதை ஒரு கோப்பைத் தேநீருக்குக் கொடுத்தாயிற்று.

பண்ணை வீடு ஹேசல் கொட்டை மரங்களுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் ஷானாவின் வண்டி மட்டும். தேஜ் தங்கள் வண்டியைக் களஞ்சியத்துக்குப் பின்னால் நிறுத்த, இல்ஸா இறங்கி ஓடினாள். சமையலறை ஜன்னலைத் தட்டினாள். உள்ளே வாணலிக் கரண்டியைக் கத்தி மாதிரி பிடித்தபடி ஷானா நின்றிருந்தாள்.

"நான்தான். திற."

"யாருக்கும் திறக்காதன்னு நீதானே சொன்னே."

"எனக்குத் திறக்கலாம்."

உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஷானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் பாதையில் சரளைக் கற்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய இரண்டு பேர் ஒரு பிக்கப் வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

கதவு தட்டப்பட்டது. "கரன்ட் ஆபீஸ்லேர்ந்து வரோம். மீட்டர் பார்க்கணும்."

தேஜ் ஆணியில் தொங்கிய பூப்போட்ட ஏப்ரனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். "மீட்டர் பின்பக்கம் இருக்கு," என்றான். "ஆனா இடுப்புல இருக்கறதை முன்பக்கமே வச்சிட்டுப் போங்க." ஏப்ரனுக்கு அடியிலிருந்து அவன் துப்பாக்கி எட்டிப் பார்த்தது. அவர்கள் திரும்பியபோது படிக்கட்டை அடைத்துக்கொண்டு பாஸ்கோம் நின்றார். இருவரும் கையைத் தூக்கினார்கள்.

இருவரையும் களஞ்சியத்துத் தூணில் விலங்கிட்டுவிட்டு பாஸ்கோம் திரும்பி வந்தபோது, அவர்களில் ஒருவனுடைய போன் அவர் கையில் அதிர்ந்தது. பெயரில்லாத எண். 'முடிந்ததா?'

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"நான் அந்த இடத்தை ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்," என்றாள் இல்ஸா. "இதுக்கு மேல என்ன சாட்சி?"

"கோர்ட்டுக்கு இது போதாது," என்றார் பாஸ்கோம். "இந்த நம்பர் அவர்துன்னு எப்படி நிரூபிப்ப? யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டுத் தேநீர் போடப் போயிடுவார். வேலை முடிஞ்சதுன்னு நம்பினாத்தான் கணக்குத் தீர்க்க அவங்களைப் பார்க்க நேர்ல போவார். அங்க வச்சுப் பிடிக்கணும்."

இல்ஸா அந்தப் போனை வாங்கி, 'முடிந்தது' என்று தட்டி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய சொந்தப் போன் அடித்தது. மெக்ஃபீ. அவள் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"இல்ஸா? பாஸ்கோமைப் பார்த்தியா?"

"பாஸ்கோமை விடுங்க சார்." அவள் குரல் உடைந்தது. அதற்கு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை. "ஷானா போயிட்டா. நாங்க வர்றதுக்குள்ள."

மறுமுனையில் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அடப்பாவமே," என்றார் மெக்ஃபீ. "சின்னப் பொண்ணு." பிறகு மிகவும் கனிவாக, "உன் மேல தப்பு இல்ல, இல்ஸா. நீ அப்படி நினைக்கவே கூடாது. வீட்டுக்குப் போ. ஏதாவது சாப்பிடு."

எப்படி என்று கேட்கவில்லை. யார் என்று கேட்கவில்லை. சுட்டார்களா, ஆட்களைப் பார்த்தாயா, தப்பிவிட்டார்களா, ஒன்றும் இல்லை. தேஜ் வாயைப் பொத்திக்கொண்டு மேஜையையே பார்த்தான்.

"ஒண்ணு," என்றார் மெக்ஃபீ. "அவ அம்மா சில்லிவாக்ல இருக்காங்க இல்ல? வேற யார் மூலமாவது தெரியறது முறை இல்ல. நீயே போய்ச் சொல்லிடு. நான் அப்புறமா போன் பண்ணி அவங்களுக்கு ஆறுதல் சொல்றேன்."

போன் நின்றது.

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் பேசியது தேஜ். "வேண்டாம் சார்ஜென்ட். இதை மட்டும் வேண்டாம்."

"அவர் போன் பண்ணுவார்," என்றார் பாஸ்கோம், தரையைப் பார்த்து. "அந்தம்மா அழலைன்னா அவருக்குத் தெரிஞ்சிடும். சொல்லி வச்சு அழ வைக்க முடியாது. கொலை பண்ணினவங்க கொஞ்ச நாள் தலைமறைவா இருக்கறது வழக்கம்தான், இவங்களை யாரும் தேட மாட்டாங்க. ரெண்டு நாள். அதிகம் போனா மூணு."

"மூணு நாள் அந்தம்மாவுக்குப் பொண்ணு செத்தவ," என்றான் தேஜ். "பையனை எடுத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல. நீங்க போய்ச் சொல்லுவீங்களா கார்ப்பரல்?"

எல்லோரும் அடுப்போரம் நின்றிருந்த ஷானாவை இப்போதுதான் நினைத்துக்கொண்டார்கள். அவள் கையில் இன்னும் கரண்டி இருந்தது.

இல்ஸா அவள் பக்கத்தில் போனாள். "உன் பேரை மூணு பேர்கிட்ட நான்தான் சொன்னேன். இந்த இடத்தையும் நான்தான் சொன்னேன். நம்பிச் சொல்லிட்டேன்."

"கேட்டுட்டுதானே இருந்தேன்," என்றாள் ஷானா.

"நீ முடியாதுன்னு சொன்னா நாங்க செய்ய மாட்டோம். இப்பவே அவரைப் போய்ப் பிடிக்கறோம். கோர்ட்டுல கேஸ் எவ்வளவு நிக்குதோ நிக்கட்டும்."

"நிக்காது. இவரே சொன்னாரே." பாஸ்கோமைக் காட்டினாள். "அவர் வெளிய வந்துடுவார். அப்புறம் நான் எந்தக் கோழிக்கூண்டுல போய் ஒளியறது?"

அவள் கரண்டியை வைத்தாள். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா தனியா இருக்கும்போது போகாத," என்றாள். "பக்கத்து வீட்டுல ரூத்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களை முதல்ல கூப்பிட்டுக்கோ. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கும். நீ கிளம்பறதுக்குள்ள அதைப் போட்டுக்கிட்டாங்களான்னு பாரு."

"சரி."

"வேதனைப்பட்டாளான்னு கேப்பாங்க. கோடிக்கும் அதைத்தான் கேட்டாங்க. இல்லைன்னு சொல்லு."

"சொல்றேன்."

"அப்புறம் வாசல்லயே ஷூவைக் கழட்டிடு. கோடி போனப்ப சொல்ல வந்த போலீஸ் பூட்ஸோட உள்ள வந்துட்டாங்க. கார்ப்பெட்ல சேறு. அம்மா ஒரு மாசம் அந்த இடத்தைத் தேய்ச்சிட்டே இருந்தாங்க. வேற எதுவும் செய்யல. அதை மட்டும் தேய்ச்சிட்டிருந்தாங்க."

இல்ஸா தலையை ஆட்டினாள். தேஜ் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.